மண் மிஞ்சுமா, குறையுமா?

மனை பார்க்க வருகிற வாஸ்துக்காரர் சில ஊர்களில் இன்னமும் ஒரு காரியம் செய்வார். மனையின் நடுவில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டச் சொல்வார். வெட்டிய மண்ணை அதே குழியில் திரும்பப் போடச் சொல்வார். மண் மிஞ்சினால் உத்தமம். சரியாக இருந்தால் மத்திமம். குறைந்தால் அந்த மனை ஆகாது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே இது இருக்கிறது. குழியில் தண்ணீர் நிரப்பிவிட்டு நூறு அடி நடந்து திரும்பி வந்து பார், குறையாமல் இருந்தால் நல்லது என்று இன்னொரு சோதனையும் அதே இடத்தில் உண்டு.

மண் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அப்புறம் வருஷக்கணக்கில் சாலை வேலைகளில் குழி தோண்டுவதும் நிரப்புவதும் எடை போடுவதுமே பிழைப்பாகிப் போனதும் சிரிப்பு அடங்கிவிட்டது. சுபம், அசுபம் எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும் அதில் ஒரு நல்ல கேள்வி மிச்சம் நிற்கிறது. ஒரு குழியிலிருந்து வந்த மண் அதே குழியில் ஏன் கொள்ளாமல் போகிறது?

ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது முழுக்க மண் என்றுதான் நினைப்போம். உண்மையில் அதில் மூன்று பேர் குடித்தனம் நடத்துகிறார்கள்: மண்மணிகள், தண்ணீர், காற்று. மணிகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகளைத் துளைவெளி என்கிறோம். அந்த இடுக்கில் பாதி தண்ணீரும் பாதி காற்றும் இருக்கலாம். முழுக்கவே காற்றாகவும் இருக்கலாம். காலகாலமாக அசையாமல் கிடந்த கெட்டி நிலத்தில் துளைவெளி குறைவு. கடப்பாரை போட்டுப் பெயர்த்ததும் மண் கட்டி கட்டியாக உடைந்து, கட்டிகளுக்கு நடுவில் புதிதாகக் காற்று புகுந்துகொள்கிறது. திரும்பப் போட்டால் வழிகிறது. பள்ளத்தை மேடாக்கிய மனையில் கதை வேறு. அங்கே ஏற்கனவே உள்ளே காற்று நிறைய. காலால் கொஞ்சம் மிதித்துப் போட்டாலே மண் பழைய மட்டத்துக்கு வராமல் இறங்கிவிடும். ஆக, மிஞ்சுகிற மனை கெட்டி, குறைகிற மனை பொலபொலப்பு. பழைய ஆட்கள் அளந்தது நிலத்தின் அடர்த்தியைத்தான்.

வீடு கட்டியவர்களுக்கு இது வேறு ரூபத்தில் தெரியும். பேஸ்மட்டத்துக்குள் கிராவல் கொட்டி, மேலே தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, பால் காய்ச்சி இரண்டு மழை தாண்டியதும் ஹாலின் ஒரு மூலை லேசாக உள்வாங்கும். டைல்ஸைத் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வரும். உள்ளே இருந்த காற்று தன் இடத்தைக் காலி செய்துவிட்டது என்று அர்த்தம். "தண்ணி கட்டி விட்டாச்சு சார், தானா இறங்கிரும்" என்பார் மேஸ்திரி. மணலாக இருந்தால் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. களி கலந்த மண்ணில் தண்ணீர் கட்டிகளுக்குள் போகவே நாளாகும். மேலே சேறு, உள்ளே பழையபடி கட்டியும் காற்றும்.

இனி பழைய சோதனையின் ஓட்டைக்கு வருவோம். மண்ணைத் திரும்பப் போடும்போது எவ்வளவு மிதிப்பது? கனமான ஆள் மிதித்தால் குறையும், பையன் ஒருவன் மெதுவாகத் தள்ளினால் மிஞ்சும். மனையின் தலையெழுத்தை மண்வெட்டி பிடிக்கிறவர் மாற்றிவிடலாம். இதற்கு இப்போது கண்டிருக்கிற வழி எளிமையானது. குழியைத் தோண்டிய மண்ணால் நிரப்பாதே. யார் போட்டாலும் ஒரே மாதிரி விழுகிற இன்னொரு பொருளால் நிரப்பு. அந்தப் பொருள் காய்ந்த மணல். சைட்டில் இதை 'சாண்ட் ரீப்ளேஸ்மென்ட்' என்பார்கள். தமிழில் மணல் மாற்றுச் சோதனை என்று சொல்லிக்கொள்ளலாம்.

எந்த மணலும் ஆகாது. ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் விழுந்து, 600 மைக்ரான் சல்லடையில் தங்குகிற மணல் மட்டும். அதாவது ஏறக்குறைய ஒரே அளவு மணிகள். கூடை நிறைய எலுமிச்சம்பழம் போட்டால் யார் போட்டாலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான் பிடிக்கும். எலுமிச்சையோடு கடுகையும் கலந்துவிட்டால் கடுகு எந்த இடுக்கில் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரோலர் ஓட்டி முடித்த மண்ணின் மேல், நடுவில் 10 சென்டிமீட்டர் வட்டத்துளை உள்ள ஒரு தட்டை வைப்போம். அந்தத் துளை வழியாகவே உளியாலும் வளைந்த கரண்டியாலும் சுமார் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டுவோம். வெளியே வருகிற மண்ணில் ஒரு சிட்டிகைகூடச் சிந்தாமல் டப்பாவில் சேர்க்க வேண்டும். குழியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிரஷ்ஷால் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு மணல் நிரப்பிய உருளையைக் குழியின் மேல் வைத்து ஷட்டரைத் திறந்தால் மணல் சலசலவென்று இறங்கும். சத்தம் நின்றதும் மூடிவிட்டு, எவ்வளவு மணல் போனது என்று எடை பார்ப்போம். உருளையின் அடியில் இருக்கும் கூம்பில் தங்கும் மணலைக் கழித்துவிட வேண்டும். புதியவர்கள் மறப்பது இதைத்தான். மணலின் அடர்த்தி லேபிலேயே அளந்து வைத்திருப்பதால், போன எடையிலிருந்து குழியின் கொள்ளளவு கிடைத்துவிடும்.

பக்கத்தில் ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. ஏன் என்பது படியில் அரிசி அளந்து வாங்கியவர்களுக்குத் தெரியும். கடைக்காரர் கொட்டி அளந்தால் ஒரு கணக்கு, குலுக்கி அளந்தால் இன்னொரு கணக்கு. தரை அதிர்ந்தால் குழிக்குள் மணல் நெருங்கி உட்கார்ந்து, கூடுதலாக மணல் இறங்கும். குழி இருப்பதைவிடப் பெரியது என்று நம்பி, மண் இருப்பதைவிட லேசு என்று எழுதிவிடுவோம். மணல் ஈரமாக இருந்தால் நேர் எதிர். ஈர மணல் உப்பி நிற்கும் என்பது லாரியில் மணல் வாங்கிய கொத்தனார் எல்லாருக்கும் அத்துபடி. உப்பிய மணல் குறைவான எடையிலேயே குழியை நிரப்பிவிடும். குழி சிறியதாகத் தெரியும், மண் கெட்டியாகத் தெரியும், கான்ட்ராக்டர் டீ வாங்கித் தருவார்.

எடையும் தெரியும், கொள்ளளவும் தெரியும் என்றால் அடர்த்தி கிடைத்துவிட்டது. ஆனால் அது தண்ணீரும் சேர்ந்த அடர்த்தி. மழை பெய்த மறுநாள் அதே மண் கனமாக இருக்கும். அதனால் அது நல்ல மண் ஆகிவிடாது. எனவே தண்ணீரைக் கழித்து உலர் அடர்த்திக்கு வர வேண்டும். மண்ணில் கொஞ்சம் எடுத்து 105 முதல் 110 டிகிரி வரை சூடான ஓவனில் 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்போம். போன தண்ணீரை உலர்ந்த மண்ணின் எடையால் வகுத்தால் ஈரப்பதம். மொத்த எடையால் ஏன் வகுக்கவில்லை? மொத்த எடை தண்ணீரோடு சேர்ந்து தினமும் மாறும். உலர்ந்த மண் மாறாது. ஒரு கிலோ மாவுக்கு இவ்வளவு தண்ணீர் என்றுதானே சமையலிலும் சொல்கிறோம்? சூட்டை 200 டிகிரிக்கு ஏற்றி வேலையைச் சீக்கிரம் முடிக்கலாமே என்று தோன்றும். மண்ணில் மக்கிய இலை, வேர் இருந்தால் அவை கருகி எடை இழக்கும். அதையும் தண்ணீர் கணக்கில் எழுதிவிடுவோம். சைட்டில் ஸ்டவ் பற்றவைத்து வாணலியில் மண்ணை வறுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அவசரத்துக்குக் குத்துமதிப்பாகத் தெரிந்துகொள்ள அது போதும், ரிப்போர்ட்டில் எழுதப் போதாது.

சரி, உலர் அடர்த்தி 1.80 என்று வந்துவிட்டது. அது நல்ல எண்ணா? எதோடு ஒப்பிடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் ரால்ஃப் ப்ராக்டர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குடிநீர்த் துறையின் பொறியாளர். அந்தத் துறை கட்டிய செயின்ட் பிரான்சிஸ் என்ற கான்கிரீட் அணை 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இழந்த நீர்த்தேக்கத்துக்குப் பதிலாக பூக்கே பள்ளத்தாக்கில் மண்ணாலேயே அணைகள் கட்ட முடிவானது. அப்படியொரு துக்கத்துக்குப் பிறகு, கொட்டிய மண் போதுமான அளவு கெட்டியாகிவிட்டது என்று வெறும் கண்மதிப்பில் யார் சொல்ல முடியும்? ப்ராக்டர் தன் முறையை 1933-இல் ஒரு பொறியியல் வார இதழில் தொடர் கட்டுரைகளாக எழுதினார்.

அவர் காட்டிய விஷயத்தைப் புட்டு அவிக்கிற எந்த வீட்டிலும் பார்க்கலாம். மாவில் தண்ணீர் தெளித்துப் பிசிறுவார்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். தண்ணீர் குறைந்தால் மாவு பிடிபடாது, கூடினால் களியாகிவிடும். ரோலர் ஓட்டும் இடத்தில் அனுபவமுள்ள மேஸ்திரி கிராவலைக் கையில் பிடித்துப் பார்ப்பதும் இதற்காகத்தான். காய்ந்த மண்ணில் மணிகள் ஒன்றோடொன்று உரசி முரண்டு பிடிக்கும். கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தால், மணிகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றைப் பசைபோல் இழுத்து நிறுத்தும். கடற்கரையில் ஈர மணல் கோபுரம் நிற்பது இதனால்தான். மேலும் தண்ணீர் சேர்த்தால் அந்தப் பிடி தளர்ந்து, கட்டிகள் இளகி, அடித்த அடிக்கு மணிகள் நகர்ந்து இடுக்குகளில் உட்காரும். அதற்கும் மேல் சேர்த்தால் மணி உட்கார வேண்டிய இடத்தைத் தண்ணீரே பிடித்துக்கொள்ளும். அமுக்கினால் அடங்குவது காற்று மட்டுமே, தண்ணீர் அடங்காது.

லேபில் இதையே கணக்காகச் செய்கிறோம். 1,000 கன சென்டிமீட்டர் கொள்கிற இரும்பு அச்சில் மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, 2.6 கிலோ திமிசை 31 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அடுக்குக்கு 25 முறை போடுவோம். ஒவ்வொரு தடவையும் ஈரத்தைக் கொஞ்சம் கூட்டுவோம். உலர் அடர்த்தி ஏறிக்கொண்டே போய், ஓர் உச்சியைத் தொட்டு, இறங்கும். உச்சியில் இருக்கும் ஈரம் உகந்த ஈரப்பதம், சைட் பாஷையில் 'ஓ.எம்.சி.'. அங்கே கிடைக்கும் அடர்த்தி 'எம்.டி.டி.', உச்ச உலர் அடர்த்தி. இரண்டாம் உலகப் போரில் கனமான விமானங்களுக்கு ஓடுதளம் போட வேண்டி வந்தபோது அந்த அடி போதவில்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் அடியைக் கூட்டினார்கள். நம்முடைய 2720-ஆம் எண் இந்தியத் தரத்திலும் இரண்டாவதாகக் கனத்த அடிச் சோதனை இருக்கிறது: 4.9 கிலோ திமிசு, 45 சென்டிமீட்டர் உயரம், ஐந்து அடுக்கு. நெடுஞ்சாலைக்கு இதுதான் அளவுகோல். கரைமேட்டில் எம்.டி.டி.யில் 95 சதவீதம் வர வேண்டும், சாலைக்குக் கீழே படுக்கும் கடைசி மண்ணடுக்கில் 97.

சில நாள் ரிப்போர்ட்டில் 102 சதவீதம் என்று வரும். நூற்றுக்கு மேல் எப்படி என்று சண்டைக்கு வருவார்கள். லேபின் உச்சம் அந்தத் திமிசு கொடுத்த அடிக்கு உச்சம், அவ்வளவுதான். பெரிய வைப்ரேட்டரி ரோலர் அதைத் தாண்டலாம். ஆனால் தாண்டவே முடியாத எல்லை ஒன்று உண்டு. சேர்ந்த புதிதில், 16 சதவீத ஈரத்தில் உலர் அடர்த்தி 1.90 என்று எழுதிக் கொண்டுபோனேன். சீனியர் பார்த்துவிட்டு, "தம்பி, இது மண்ணா இரும்பா?" என்றார். காகிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த மண்ணின் மணி தண்ணீரைப்போல் 2.67 மடங்கு கனம். 100 கிராம் மணி பிடிக்கிற இடம் 37.5 கன சென்டிமீட்டர். 16 கிராம் தண்ணீருக்கு 16. காற்று சுத்தமாக இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 53.5. அடர்த்தி 1.87-க்கு மேல் போகவே முடியாது. 1.90 வேண்டுமென்றால் மண்ணில் காற்று பூஜ்யத்துக்கும் கீழே இருக்க வேண்டும்! டப்பா நம்பரை மாற்றி எழுதியிருந்தேன். வரைபடத்தில் இந்த எல்லையைக் காற்றில்லாக் கோடு என்று வரைவார்கள். அன்றிலிருந்து எந்த ரிப்போர்ட் வந்தாலும் முதலில் என் கண் போவது அந்தக் கோட்டுக்குத்தான்.

எவ்வளவு அடித்தும் பிரயோஜனமில்லாத மண்ணும் உண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைக் கோடையில் எவ்வளவு கெட்டியாக்கினாலும் ஐப்பசியில் அது தண்ணீர் குடித்து உப்பி, தன் மேல் இருக்கும் சாலையைத் தூக்கிவிடும். அதைக் கண்டுபிடிக்கிற சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நைஸாகச் சலித்துக் காயவைத்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் மண்ணெண்ணெய்க் குழாயில் மண் 10 மில்லியில் சிவனே என்று கிடக்கும். தண்ணீர்க் குழாயில் 18 மில்லிக்கு ஏறி நிற்கும். 80 சதவீத உப்பல். 50-ஐத் தாண்டினால் நெடுஞ்சாலைக் கரைக்கு அந்த மண் வேண்டாம் என்று ஒதுக்குகிறோம். கரிசலின் களிமணிகள் தாள் தாளாக அடுக்கியவை. அந்தத் தாள்களுக்கு நடுவே தண்ணீர் நுழைந்து அவற்றை விலக்குகிறது, மண்ணெண்ணெயால் அது முடியாது. பெயர்தான் மண்ணெண்ணெய், மண்ணோடு அதற்கு ஒட்டுறவே கிடையாது.

இதோடு உறவுள்ள இன்னொரு சோதனையைத் தந்தவர் அட்டர்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர். 1911-இல் விவசாய மண்ணை ஆராய்ந்தபோது செய்தது. மண்ணைப் பிசைந்து கண்ணாடித் தட்டில் உள்ளங்கையால் உருட்டித் திரி செய்ய வேண்டும். 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும்போது சரியாக வெடித்து உதிரும் ஈரத்துக்குக் குழைவு எல்லை என்று பெயர். தோசை மாவுபோல் வழியத் தொடங்கும் ஈரம் நீர்ம எல்லை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால் களி அதிகம், வம்பும் அதிகம். நூறு வருஷம் தாண்டியும் இதில் உள்ளங்கைக்கு வேலை இருக்கிறது.

மறுபடி குழிக்கு வருகிறேன். ஒரு புறவழிச்சாலை வேலையில் நான் எடுத்த குழி ஒன்றின் கணக்கு இது. வெளியே வந்த ஈர மண் 2,376 கிராம். குழி நிரம்பப் போன மணல் 1,740 கிராம். மணலின் அடர்த்தி 1.45, ஆகவே குழி 1,200 கன சென்டிமீட்டர். ஈர அடர்த்தி 1.98. ஓவனில் ஈரப்பதம் 10 சதவீதம் என்று வந்தது. உலர் அடர்த்தி 1.80. லேபின் எம்.டி.டி. 1.90. வகுத்தால் 94.7 சதவீதம். தேவை 95.

"பாயின்ட் மூணுதானே சார்" என்றார்கள். பாயின்ட் மூன்று எங்கிருந்தெல்லாம் வரலாம் என்று பாருங்கள். ஈரப்பதம் 10 ஆக இல்லாமல் 9.5 ஆக இருந்திருந்தால் அதே குழி 95.2 சதவீதத்தில் பாஸ். ஓவனுக்கு எடுத்த மண் டப்பாவின் மூடி சரியாக இறுகாமல், சித்திரை வெயிலில் பைக்கில் லேபுக்கு வருவதற்குள் அரை சதவீதம் காய்ந்துபோனால் போதும். இன்னொரு வழியும் உண்டு. சைட்டில் ஓவன் இல்லாதபோது கார்பைட் பொடி போட்டு ஈரம் பார்க்கும் கருவியை எடுப்போம். மாம்பழத்தைப் பழுக்கவைக்கக் கூடாது என்று தடை செய்திருக்கிறார்களே, அதே கார்பைட்தான். மண்ணின் தண்ணீரோடு சேர்ந்து அது வாயுவைக் கிளப்பும், வாயுவின் அழுத்தத்தை முள் காட்டும். அந்த முள் மொத்த எடையில் தண்ணீர் எவ்வளவு என்றே காட்டுகிறது. நமக்கு வேண்டியது உலர்ந்த எடையில். 10 சதவீதத்தை அது 9.1 என்று காட்டும். மாற்றாமல் அப்படியே எழுதிவிட்டால் என் குழி 95.5 சதவீதம். இதில் யாரும் திருட வேண்டியதே இல்லை, மறந்தால் போதும்.

அந்த இடத்தைக் கிளறி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மறுபடி ரோலர் விட்டார்கள். அடுத்த குழி 96 தாண்டியது.

ஆனால் அந்த முதல் குழியை அங்கே தோண்டியதே தற்செயல்தான். ஒரு குழி சொல்வது தன்னைச் சுற்றி ஒரு சாண் இடத்தைப் பற்றி, அதுவும் மேலே இருக்கும் ஓர் அடுக்கைப் பற்றி மட்டும். அடுத்த அடுக்கைக் கொட்டி மூடிவிட்டால் கீழே என்ன இருந்தது என்று கேட்க முடியாது. ஆகவே எங்கே தோண்டுகிறோம் என்பது எப்படித் தோண்டுகிறோம் என்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ரோலர் இருபது தடவை போய் வந்து பளபளத்துக் கிடக்கும் நடுப்பகுதிக்குக் கூட்டிக்கொண்டுபோய், "இங்க எடுங்க சார், நிழலா இருக்கு" என்பார்கள். நான் சட்டைப்பையில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். சைட்டுக்குக் கிளம்பும் முன்பே தூரத்தையும் இடவலத்தையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, சுருட்டி, கண்ணை மூடி எடுத்துக்கொள்வேன். அன்றைக்கு வந்த சீட்டு, சிறுபாலத்தின் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர். பெரிய ரோலர் சுவரை இடித்துவிடும் என்று டிரைவர் ஒதுங்கிப் போகிற இடம். கைமிஷினால் தட்டி முடித்திருந்தார்கள்.

பஸ்ஸில் போகும்போது பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால் ஒரு தூக்கிப்போடல் வருமே, அந்த இடம்.